டெஸ்ட்டிங்குக்கு எத்தனை நாள் என்று கேட்டால் நின்ற இடத்தில் பதில் சொல்லாதீர்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு சில வருஷங்களுக்கு முன்னால் பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தோம். கோடிங் முடியும் தறுவாயில் மேனேஜர் என் மேஜைப் பக்கம் வந்து, "டெஸ்ட்டிங்குக்கு எத்தனை நாள் போடலாம்?" என்று கேட்டார். கையில் 180 டெஸ்ட் கேஸ், அதாவது ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள், இருந்தது. ஒன்றுக்கு 10 நிமிஷம், ஆக மொத்தம் 30 மணி நேரம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அப்படியென்றால் நாலு நாள் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

11 நாள் ஆனது.

புது சிஸ்டத்தில் ஆரம்ப இருப்பு சரியாக ஏற வேண்டும் என்பதற்காக, நான் சொன்ன தேதியை நம்பி, அந்தக் கடைக்காரர் ஆட்களை வைத்து ராத்திரி முழுக்க சரக்கை எடை போட்டு வைத்திருந்தார். தேதி தள்ளிப்போனதால் மொத்தச் சரக்கையும் மறுபடி எடை போட்டார்கள். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வேலை முடிந்ததும், நேரம் எங்கே போனது என்று என் நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். 180 கேஸையும் ஒரு முறை ஓட்ட நான் சொன்ன 30 மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதில் தப்பே இல்லை. ஆனால் 41 பக், அதாவது சாஃப்ட்வேர் பிழை, கிடைத்தது. ஒவ்வொன்றையும் மறுபடி வரவைத்துப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, டெவலப்பருக்குப் புரிகிற மாதிரி எழுதச் சராசரியாக 25 நிமிஷம், அதிலேயே 17 மணி நேரம் போய்விட்டது. எடைத் தராசையும் லேபிள் பிரிண்டரையும் கம்ப்யூட்டரோடு பேசவைக்கவும், மாதிரி டேட்டா ஏற்றவும் 6 மணி நேரம். சரி செய்து வந்த 41 பக்கையும் திரும்பச் சோதிக்க 8, அதில் சரியாகாமல் திரும்பிப் போய் வந்த ஒன்பதுக்கு இன்னொரு 2. ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது உடைந்துவிடுமோ என்று முக்கியமான 60 கேஸை இரண்டு முறை மறுபடி ஓட்டியதில் 16. பில்டு, அதாவது டெவலப்பர் திருத்திக் கொடுக்கும் புது பதிப்பு, வராமல் சும்மா உட்கார்ந்திருந்தது 7. கூட்டினால் 86 மணி நேரம், கிட்டத்தட்ட 11 நாள். நான் எஸ்டிமேட் கொடுத்தது முதல் ரவுண்டுக்கு மட்டும்தான், அது மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

டெஸ்ட் கேஸை எண்ணிப் பெருக்குவதை எஸ்டிமேட் என்று நினைக்கிறோம். பக்கே வராத சாஃப்ட்வேருக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். கண்டுபிடித்த பக் டெவலப்பரிடம் போய்த் திரும்பி வருகிற பாதைக்கும் சேர்த்து நாள் கேட்க வேண்டும்.

இன்னொரு பழக்கம், கோடிங் நேரத்தில் முப்பது சதவீதம் டெஸ்ட்டிங் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவது. 2025 செப்டம்பரில் இது எப்படிக் கவிழும் என்று நேரிலேயே பார்த்தோம். ஜிஎஸ்டி கவுன்சில் 3-ஆம் தேதி முடிவெடுத்தது, புது வரி 22-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதுவரை 1000 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதமும் அதற்கு மேல் 12 சதவீதமும் இருந்தது, இனி 2500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. எங்கள் ஜவுளிக்கடை சாஃப்ட்வேரில் டெவலப்பர் தம்பி, "ரெண்டு லைன்தாங்கண்ணா" என்றான். உண்மைதான், மதியத்துக்குள் முடித்துவிட்டான். ஆனால் சோதிக்க வேண்டியதை யோசித்துப் பாருங்கள். 2500-க்கும் 2501-க்கும் வரி சரியாக மாறுகிறதா? 2700 ரூபாய்ச் சட்டைக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 2430 ஆகிறதே, அப்போது 5 சதவீதம்தானே போட வேண்டும்? 22-க்கு முன்னால் 12 சதவீதத்தில் விற்றதை ஒருவர் 25-ஆம் தேதி திருப்பிக் கொண்டுவந்தால் பழைய வரியில்தானே கழிக்க வேண்டும்? பழைய பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால் வரி மாறிவிடாதே? மாத அறிக்கையில் இரண்டு வரியும் தனித்தனியாக வருகிறதா? அரை நாள் கோடிங்குக்கு நாலு நாள் டெஸ்ட்டிங் ஆனது. கோடில் மாற்றின லைன்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல், அந்த மாற்றம் தொடுகிற இடங்களை எண்ணினால்தான் இது முன்கூட்டியே தெரியும்.

ஐபிஎம்மில் பெரிய புராஜெக்ட் நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே மொத்த காலத்தில் பாதியை டெஸ்ட்டிங்குக்கு ஒதுக்கச் சொன்னார். நம் ஊரில் பாதி கேட்டால் சண்டைக்கு வருவார்கள், ஆனால் கடைசியில் ஆகிற நாளைக் கூட்டிப் பார்த்தால் அந்தப் பக்கமாகத்தான் போய் நிற்கிறது.

அப்புறம், ஒற்றை எண் சொல்லாதீர்கள். சேலத்திலிருந்து ஏற்காடு போக எவ்வளவு நேரம் என்று வெளியூர்க்காரர் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? முப்பது கிலோமீட்டர்தானே, முக்கால் மணி நேரம் என்று ஊர்க்காரர் யாரும் சொல்வதில்லை, 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, என்றைக்குப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்போம். வாரநாள் காலையில் 50 நிமிஷம், சாதாரணமாக 65, மே மாதக் கோடை விழா ஞாயிற்றுக்கிழமை என்றால் 170 நிமிஷம்கூட ஆகலாம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ளதை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 80 நிமிஷம் வரும். இதுதான் மூன்று புள்ளி எஸ்டிமேட், 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறையிலிருந்து வந்தது. சூத்திரம் சின்னதுதான். மோசமான நாளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது, எனக்கு அதில் பிடித்தது அதுதான்.

அந்த மூன்று எண்ணையும் தனியாக உட்கார்ந்து போடாதீர்கள். டீமில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில், பேசிக்கொள்ளாமல் எழுதச் சொல்லி ஒரே நேரத்தில் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை நான் 3 நாள் எழுதினேன், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பெண் 8 எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அந்த லேபிள் பிரிண்டர் தமிழ் எழுத்தை உடைச்சு அடிக்குதுங்க சார், போன தடவை அதுக்கே ரெண்டு நாள் போச்சு" என்றாள். எனக்கு அது தெரியவே தெரியாது. சீனியர் முதலில் வாய் திறந்திருந்தால் அவளும் 3 என்றுதான் சொல்லியிருப்பாள்.

கோடிங் ஒரு வாரம் தள்ளிப்போய், ரிலீஸ் தேதி மட்டும் நகராமல் இருந்தால், அந்த ஒரு வாரம் நம்மிடமிருந்துதான் பிடுங்கப்படும். அப்போது சரி என்று தலையாட்டிவிட்டு ராத்திரி உட்காருவதை நான் நிறுத்திவிட்டேன். இருக்கிற நாளில் பில்லிங், வரி, பணம் இந்த மூன்றையும் முழுசாகப் பார்ப்போம், ரிப்போர்ட்டுகளைப் பார்க்க முடியாது, இந்த நிலையில் வெளியிடலாமா என்பதை நீங்கள் முடிவு செய்து ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்கிறேன். பெரும்பாலும் தேதி நகர்ந்துவிடுகிறது.

போன மாதம் அதே கொலுசுக் கடைக்காரர் பழைய வெள்ளி மாற்றும் வசதி வேண்டும் என்று கேட்டு, எத்தனை நாள் ஆகும் என்றார். மறுநாள் வரை நேரம் வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "7 முதல் 11 நாள் ஆகும்ங்க. திங்கட்கிழமை காலையில் பில்டு வந்துவிடும், மூன்று ரவுண்டு பார்ப்போம், உங்கள் கடைத் தராசு ஒன்று அதுவரை எங்கள் ஆபீசில் இருக்கும் என்று வைத்துச் சொல்கிறேன். இதில் எது மாறினாலும் அன்றைக்கே புது தேதி சொல்கிறேன். நான் உறுதியாகச் சொல்லும் வரைக்கும் சரக்கை எடை போட வேண்டாம்." தராசை அன்று சாயங்காலமே கடைப் பையனிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்.