ஒளிரும் யுரேனியக் கல்லும் ஒளிராத யுரேனியக் கல்லும்

“வெளிநாடுகளில் யுரேனியக் கற்களைச் சேகரித்து அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறார்களாமே! கதிர்வீச்சால் அவை இருட்டில் பச்சையாக மின்னுமாமே, உண்மையா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி சினிமா.

யுரேனியத்தின் மூலத் தாதுவான யுரேனினைட் கன்னங்கரேலென்று இருக்கும். 1789இல் ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ராத் யுரேனியத்தைக் கண்டுபிடித்ததும், மேரி கியூரி மூட்டை மூட்டையாகக் காய்ச்சி ரேடியம் பிரித்ததும் இந்த ரகத் தாதுவிலிருந்துதான். பார்க்க அழகு என்று சொல்ல முடியாது. ஆக்சிஜன் கலந்த நிலத்தடி நீர் அதைத் தொட்ட பிறகுதான் வண்ணங்கள் பிறக்கின்றன. யுரேனியம் மேலும் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து, நீரில் கரைந்து, பாறை இடுக்குகளில் ஊர்ந்து போகிறது. வழியில் கிடைக்கும் பாஸ்பேட், சிலிக்கேட், வனடேட் ஆகியவற்றோடு சேர்ந்து மறுபடி படிகமாகிறது. எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு, மரகதப் பச்சை என்று சேகரிப்பவர்கள் உயிரை விடுவது இந்த இரண்டாம் தலைமுறைக் கனிமங்களுக்குத்தான். காங்கோவின் கட்டாங்கா பகுதி இவற்றுக்குப் பேர்போனது. ஹிரோஷிமா குண்டைச் செய்த திட்டத்துக்குப் பெருமளவு யுரேனியம் தந்த ஷிங்கோலோப்வே சுரங்கமும் அங்கேதான்.

சரி, ஒளிர்வுக்கு வருவோம். இரண்டு கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஆட்டுனைட், மஞ்சள் நிறம், பிரான்ஸின் ஓட்டன் நகரத்தின் பெயரால் வந்தது. இன்னொன்று டோர்பர்னைட், கரும்பச்சைச் சதுரத் தகடுகள். இரண்டிலும் யுரேனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். ஏடுகளுக்கு நடுவே நீர் மூலக்கூறுகளோடு ஆட்டுனைட்டில் கால்சியம் உட்கார்ந்திருக்கிறது, டோர்பர்னைட்டில் செம்பு. முக்கிய வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் புற ஊதா விளக்கைக் காட்டினால் ஆட்டுனைட் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் பச்சையில் எரிகிறது. டோர்பர்னைட் கல்லுளிமங்கன் மாதிரி சும்மா கிடக்கிறது.

ஏன்? இரண்டிலும் யுரேனியம் தனி அணுவாக இல்லை. இருபுறமும் ஓர் ஆக்சிஜன், நடுவில் யுரேனியம் என நேர்கோட்டில் நிற்கும் ‘யுரேனைல்’ என்ற மூவணுக் கூட்டமாக இருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டதும் ஆக்சிஜனிடமிருந்து ஓர் எலக்ட்ரான் யுரேனியத்தின் காலி இடத்துக்குத் தாவுகிறது. வாங்கிய ஆற்றலில் கொஞ்சம் அதிர்விலேயே போய்விட, மிச்சம் பச்சை ஒளியாக வெளிவருகிறது. இதை ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் பார்க்க வேண்டும்! பச்சை ஒரே பட்டையாகக் குழம்பித் தெரியாது. தனித்தனிக் கோடுகள் ஏறக்குறைய சம இடைவெளியில் படிக்கட்டாக நிற்கும். அந்த இடைவெளிதான் இரண்டு ஆக்சிஜன்களும் யுரேனியத்திலிருந்து விலகி, நெருங்கி ஆடும் அதிர்வின் ஆற்றல். மூன்று அணுக்களின் ஆட்டத்தைக் கல்லை உடைக்காமலே அளந்துவிடலாம். எனக்கு இன்றும் இதில் அலுப்பு தட்டியதில்லை.

தாவிய எலக்ட்ரான் உடனே திரும்புவதுமில்லை. சாதாரணச் சாயங்கள் நானோ நொடிகளில் ஒளியை உமிழ்ந்துவிடும். யுரேனைலுக்கு அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் ஆகலாம். டோர்பர்னைட்டில் இதுவே வினையாகிறது. செம்பு அயனியில் ஆற்றலை ஏற்றுக்கொள்ளத் தோதான எலக்ட்ரான் நிலைகள் உண்டு. தாமதிக்கும் யுரேனைலின் ஆற்றலை அது பக்கத்திலிருந்தே வாங்கி வெப்பமாக்கிவிடுகிறது. கால்சியத்துக்கு அந்த வசதி இல்லை.

ஆக, இரண்டு கற்களுமே கதிரியக்கம் உள்ளவை, ஒன்றுதான் ஒளிர்கிறது. விளக்கை அணைத்தால் அதுவும் இருண்டுவிடும். 1896இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெக்கரல் வெயிலில் ஒளிரும் யுரேனிய உப்பைத்தான் ஆராய்ந்தார். பாரிஸில் மேகமூட்டம். மேசை இழுப்பறையில் கிடந்த உப்பு, வெயில் படாமலே ஒளிப்படத் தகட்டில் பதிந்திருந்தது. பிறகு ஒளிராத யுரேனியச் சேர்மங்களும் அதையே செய்தன. அதாவது கதிர்வீச்சு வேறு, ஒளிர்வு வேறு. இது தெரிந்து நூறாண்டுக்கு மேலாகியும், ‘தானாக மின்னும் அபூர்வக் கல்’ என்று ஏமாற்றுகிறார்கள். நம்மூரில் இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங் என்று லட்சங்களைப் பறிகொடுப்பவர்கள் படித்தவர்களும்தான். அந்தப் பணத்தில் பள்ளிக்கு ஒரு கனிமப் பெட்டியும் புற ஊதா விளக்கும் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

சேகரிப்பவர்களுக்கு உண்மையான தலைவலி வேறு. வறண்ட காற்றில் ஏடுகளுக்கு நடுவிலுள்ள நீர் வெளியேறிவிடும். ஆட்டுனைட் ‘மெட்டா ஆட்டுனைட்’ ஆகி உதிரத் தொடங்கும். வாஷிங்டன் மாநிலத்து டேபிரேக் சுரங்கத்தின் புகழ்பெற்ற படிகங்களுக்கு அரக்குப் பூச்சு அடித்து வைப்பது அதனால்தான். உதிர்ந்த தூளை மூச்சில் இழுத்தால், தோலைக்கூடத் தாண்டாத ஆல்பா துகள்கள் நுரையீரலுக்குள்ளேயே வேலையைக் காட்டும். பூட்டிய அலமாரியில், யுரேனியச் சிதைவில் பிறக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் சேரும். அதனால் காற்றோட்டம் வேண்டும், தொட்டால் கை கழுவ வேண்டும், படுக்கையறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இந்தியாவில் யுரேனியம் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. ஆசையாக இருக்கிறதே என்று இணையத்தில் ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.