லைசன்ஸ் எடுக்கக் காசு எங்கே இருக்கிறது?

ஊரில் தாதியாக, பொறியியலாளராக, மருந்தாளராக இருந்துவிட்டு, கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வேறு ஏதோ வேலை பார்ப்பவர்களோடு பேசுவதுதான் என் தொழில். புதிதாகக் குடியேறியவர்களுக்கு வேலைவாய்ப்பு ஆலோசகராக இருக்கிறேன். "உங்கட துறைக்கே திரும்பப் போகலாமே?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அதுக்குக் கனக்கக் காசு வேணுமே."

உண்மைதான், காசு வேண்டும். ஆனால் அதைக் கிரெடிட் கார்டில் இழுத்தோ, சீட்டைக் கூடின கழிவுக்கு எடுத்தோதான் கட்ட வேண்டும் என்றில்லை. வெளிநாட்டில் படித்தவர்கள் தங்கள் தொழிலுக்குத் திரும்புவதற்கென்றே ஒதுக்கப்பட்ட பணம் இந்த நாட்டில் இருக்கிறது. நம்மவர்களில் அதைத் தேடி வருபவர்கள் குறைவு. வருபவர்களிலும் பலர் பாதிக் கட்டணங்களைக் கட்டி முடித்த பிறகே வருகிறார்கள். இனி ஆகப்போகும் செலவுக்கு உதவி கேட்பது சுலபம். ஏற்கெனவே கார்டில் ஏறிவிட்ட கடனை இறக்கித் தரும் திட்டம் எதையும் நான் பார்த்ததில்லை.

பணத்தைப் பற்றிப் பேசுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடிவரவு விண்ணப்பத்துக்காக, வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் வெஸ் நிறுவனத்திடம் எடுத்த மதிப்பீட்டுத் தாளை நீட்டி, "கனடா என்ர படிப்பை ஏற்றுக்கொண்டிட்டுது" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அது குடிவரவுப் புள்ளிகளுக்காக எடுத்தது. தொழில் செய்யும் உரிமத்தைக் கொடுப்பது அந்தந்த மாகாணத்தின் ஒழுங்குமுறை அமைப்பு. ஒன்ராறியோவில் தாதியருக்குக் காலேஜ் ஆஃப் நேர்சஸ், பொறியியலாளருக்குப் புரொஃபெஷனல் எஞ்சினியர்ஸ் ஒன்ராறியோ. மருந்தாளர் என்றால் தேசியத் தேர்வுச் சபையான பெப்க்கில் மதிப்பீடும் பரீட்சைகளும் முடித்து, பிறகு மாகாணப் பதிவு. பல் வைத்தியருக்குப் பல கட்டப் பரீட்சைகள், அதில் செய்முறைக் கட்டம்தான் பையைக் காலி பண்ணும். உங்கள் அமைப்பு எது, எத்தனை படிகள், ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு என்பதை அதன் இணையத்தளத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிதியுதவி கேட்கப் போகும் இடமெல்லாம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

மத்திய அரசிடம் வெளிநாட்டுத் தகைமைகளை அங்கீகரிப்பதற்கான திட்டம் ஒன்று இருக்கிறது. 2022 வரவுசெலவுத் திட்டத்தில் அதை விரிவாக்க 5 ஆண்டுகளுக்கு 115 மில்லியன் டொலரும், அதன் பிறகு ஆண்டுக்கு 30 மில்லியனும் அறிவித்தார்கள். சுகாதாரத் துறையில் ஆள் இல்லாத நெருக்கடி அதற்குப் பெரிய காரணம். இந்தப் பணத்தை ஒட்டாவாவுக்கு விண்ணப்பம் போட்டு நேரே வாங்க முடியாது. மாகாணங்கள், ஒழுங்குமுறை அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் வழியாகத்தான் அது கீழே வரும். அதனால்தான் "அரசாங்கம் உதவி தருதாமே, எங்கே போய்க் கேட்கிறது?" என்று பலர் அலைகிறார்கள்.

நான் அதிகம் அனுப்பிவைக்கும் இடம் விண்ட்மில் மைக்ரோலெண்டிங். 2005இல் கல்கரியில் மரியா எரிக்சன் என்ற உளவியலாளர் தொடக்கிய இமிகிரன்ட் அக்செஸ் ஃபண்ட்தான் இப்போது இந்தப் பெயரில் நாடு முழுவதும் இயங்குகிறது. இது ஒரு தொண்டு நிறுவனம். புதிதாக வந்தவருக்கு இங்கே கடன் வரலாறு இல்லை, அதனால் வங்கி கடன் தராது, கடன் இல்லாமல் லைசன்ஸ் எடுக்க முடியாது, லைசன்ஸ் இல்லாமல் நல்ல சம்பளம் கிடையாது. இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் அது தொடங்கப்பட்டது. 15,000 டொலர் வரை கடன் தருகிறார்கள். கனடாவில் கடன் வரலாறு இல்லை என்பதற்காக மறுப்பதில்லை. உங்கள் படிப்பையும் திட்டத்தையும் பார்க்கிறார்கள். படிக்கும் காலத்தில் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு, முதலைப் பிறகு தவணையாகக் கட்டலாம். நிரந்தர வதிவுரிமை உள்ளவர்கள், அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர்கள், குடியுரிமை பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாவிலோ விசிட்டராகவோ இருப்பவர்களுக்கு இல்லை. இது கடன்தான், இலவசப் பணமில்லை. வட்டி உண்டு, திருப்பிக் கட்டத்தான் வேண்டும். ஆனால் 20 வீதத்தைத் தொடும் கிரெடிட் கார்ட் வட்டியோடு வைத்துப் பாருங்கள்.

இந்தக் கடனுக்குத் திட்டம் எழுதும்போதுதான் நம்மவர்கள் தங்களுக்குத் தாங்களே அநியாயம் செய்துகொள்கிறார்கள். அண்மையில் ஓர் அக்கா வந்தார். இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் நீண்ட காலம் தாதியாக இருந்தவர். இங்கே முதியோர் இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூவாக, அதாவது பராமரிப்பு உதவியாளராக, இரவு வேலை, வார இறுதியில் இன்னோர் இல்லத்தில் பகல் வேலை. கோடு போட்ட கொப்பித் தாளில் அழகாகப் பட்டியல் எழுதிக் கொண்டுவந்திருந்தார்: சான்றிதழ் மதிப்பீடு, ஆங்கிலப் பரீட்சை, என்க்லெக்ஸ் என்ற தாதியர் உரிமப் பரீட்சை, பதிவுக் கட்டணம். அவ்வளவுதான்.

"படிக்கிற மாதங்களில வீட்டு வாடகை என்ன மாதிரி, அக்கா?" என்று கேட்டேன்.

"வேலைக்குப் போய்க்கொண்டுதான் படிப்பன், தம்பி. காலமை வந்து ரண்டு மணித்தியாலம் புத்தகத்தோட இருந்தாப் போதும்தானே."

இரவு முழுக்க ஆட்களைத் தூக்கி, திருப்பி, கழுவிவிட்டு வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு அந்த இரண்டு மணித்தியாலம். என்க்லெக்ஸ் மனப்பாடத்துக்கு மசியும் பரீட்சை இல்லை. ஒரு நோயாளியின் நிலையைச் சொல்லி, அடுத்து முதலில் என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டே போகும். அதற்குத் தெளிவான தலை வேண்டும். தவறினால் 45 நாள் காத்திருந்து மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். அந்தத் தாளையே திருப்பிப் பின்பக்கத்தில் இன்னொரு கணக்குப் போட்டோம். வார இறுதி வேலையைச் சில மாதங்களுக்கு விட்டால் மாதம் எவ்வளவு குறையும், சின்னவனைப் பராமரிப்பு நிலையத்தில் விட எவ்வளவு, பயிற்சி வகுப்பு, புத்தகம், பஸ் காசு. கூட்டிப் பார்த்தபோது முன்பக்கத்தைவிடப் பின்பக்கத் தொகை பெரிதாக இருந்தது. வாழ்க்கைச் செலவு, பிள்ளைப் பராமரிப்பு, புத்தகம் எல்லாவற்றையும் அந்தக் கடனுக்குள் கேட்கலாம் என்று சொன்னபோது அக்கா நம்பவில்லை. இணையத்தளத்தைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பரீட்சைக் கட்டணத்தை எப்படியாவது புரட்டிவிடுகிறார்கள். படிப்பதற்கான நேரத்தை யாராலும் புரட்ட முடிவதில்லை. ஆள் கெட்டிக்காரர், அனுபவம் உள்ளவர், ஆனாலும் களைப்பில் ஒரு தரம் தவறவிட்டு, வெட்கத்தில் அந்தப் பக்கமே போகாமல் விட்டுவிடுகிறார். அப்படிப் பல பேரைப் பார்த்துவிட்டேன். ஆகவே உதவி கேட்கும்போது, வேலையைக் குறைத்தால் குறையும் சம்பளத்தையும் கணக்கில் எழுதுங்கள். அது பேராசை இல்லை, உண்மையான செலவு.

கடன் வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒன்ராறியோ அரசு பிரிட்ஜிங் பயிற்சித் திட்டங்களுக்கு நீண்ட காலமாக நிதி கொடுக்கிறது. வெளிநாட்டில் தொழில் கற்றவருக்கு இங்கே குறைகிற பகுதியை மட்டும் சொல்லித்தரும் படிப்புகள் இவை. பொதுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் நடக்கும் இப்படியான படிப்புக்கு 5,000 டொலர் வரை உதவித்தொகை உண்டு. ஓசாப் என்ற மாகாண மாணவர் நிதியுதவி கிடைக்காத குறுகிய படிப்புகளுக்காகவே வந்தது அது; திருப்பிக் கட்டத் தேவையில்லை. படிப்பு முடிந்த பிறகு போய்க் கேட்டால் கிடைக்காது, சேரும்போதே கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள். தாதியர் என்றால் கேர் சென்டரையும் பாருங்கள். 2001 முதல் வெளிநாட்டில் படித்த தாதியருக்காகவே ரொறன்ரோவில் இயங்குகிறது.

சில உதவிகள் திடீரென்று வந்து திடீரென்று போய்விடும். 2022 ஓகஸ்டில் ஒன்ராறியோ, வெளிநாட்டில் படித்த தாதியரின் விண்ணப்ப, பரீட்சை, பதிவுக் கட்டணங்களை 1,500 டொலர் வரை தற்காலிகமாகத் தானே ஏற்பதாக அறிவித்தது. அதே ஆண்டு தொடங்கிய இன்னொரு ஏற்பாட்டில், மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ் வேலை செய்து அண்மைக்கால அனுபவத்தையும் மொழித் தேர்ச்சியையும் நிரூபிக்கலாம். ஆங்கிலப் பரீட்சைச் செலவே சிலருக்கு இதனால் மிச்சமாயிற்று. பொறியியலாளருக்கு 2023 மேயில் கனடிய அனுபவம் கட்டாயம் என்ற விதியே நீக்கப்பட்டது. அதற்கு முன் அந்த அனுபவத்துக்காகச் சம்பளமில்லாமல்கூட வேலைக்குப் போகத் தயாராக இருந்தவர்கள் எனக்குத் தெரியும். அன்றைய விதியைக் கேட்டு மனம் விட்டவர்கள் இன்னொரு தரம் விசாரியுங்கள்.

வருமான வரியில் கிடைப்பதைப் பற்றி என்னிடம் யாருமே கேட்பதில்லை, நானேதான் சொல்கிறேன். தொழில் உரிமம் பெறுவதற்காகக் கட்டிய பரீட்சைக் கட்டணம் 100 டொலருக்கு மேல் என்றால் அதைக் கல்விக் கட்டணம்போல வரிப் பத்திரத்தில் காட்டலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதைவிட முக்கியமானது கனடாப் பயிற்சி வரிச்சலுகை. 26 முதல் 65 வயது வரை உள்ளவர், வேலை செய்து வரிப் பத்திரம் தாக்கல் செய்து, வருமான நிபந்தனைகளுக்குள் வந்தால் ஆண்டுக்கு 250 டொலர் அவர் பெயரில் சேர்ந்துகொண்டே போகும்; வாழ்நாளில் 5,000 வரை. கல்விக் கட்டணம், தொழில் பரீட்சைக் கட்டணம் ஆகியவற்றில் பாதி வரை இதிலிருந்து எடுக்கலாம். வரியே கட்டத் தேவையில்லாதவருக்கும் அந்தத் தொகை கையில் வரும். உங்கள் பெயரில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது ஒவ்வொரு வருடமும் வரும் வரி மதிப்பீட்டுக் கடிதத்திலேயே அச்சாகியிருக்கிறது. வரி செய்து தருபவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

விண்ணப்பம் நிரப்பித் தருவதாக ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். அரசு நிதியில் இயங்கும் குடியமர்வு அமைப்புகளில் இதே உதவி இலவசம், தமிழிலேயே பேசலாம். "இந்த டிப்ளோமா செய்தால்தான் லைசன்ஸ்" என்று எந்தத் தனியார் கல்லூரியாவது சொன்னால், பணம் கட்டுமுன் ஒழுங்குமுறை அமைப்பிடம் நேரே எழுதிக் கேளுங்கள்.

செலவின் ஒழுங்கும் முக்கியம். ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு 2 வருடம்தான் செல்லும். உற்சாகத்தில் அதை முதலில் எழுதிவிட்டு, ஊரிலிருந்து கடிதங்கள் வந்து சேருவதற்குள் அது காலாவதியாகி, மறுபடி எழுதியவர்கள் இருக்கிறார்கள். மெதுவாக நகர்வது ஊரில் உள்ள வேலைதான். பல்கலைக்கழகம், தாதியர் கவுன்சில், வேலை செய்த ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு இடமும் தன் படிவத்தையோ மதிப்பெண் பட்டியலையோ முத்திரையிட்டு நேரே அனுப்ப வேண்டும் என்று கேட்பார்கள். யாழ்ப்பாணமோ சென்னையோ, கந்தோரில் ஒருவர் நேரில் போய் நிற்காமல் அது நகர்வது கஷ்டம். ஆகவே அதை முதலில் தொடங்குங்கள், ஆங்கிலப் பரீட்சையைப் பிறகு பார்க்கலாம்.

அகதிக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். விண்ட்மில் கடன் இப்போது கிடைக்காது. ஆனால் ஊரில் இருந்து எடுக்க வேண்டிய கடிதங்களை, அங்கே தொடர்புகொள்வது உங்களுக்கோ குடும்பத்துக்கோ ஆபத்தில்லை என்றால், இப்போதே எடுக்கத் தொடங்கலாம். ஆபத்து இருக்கிறது என்றால் முதலில் உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள். ஆவணம் எடுக்க முடியாத காரணத்தை எழுத்தில் விளக்கினால் மாற்று வழி உண்டா என்று ஒழுங்குமுறை அமைப்பிடமும் கேட்கலாம். அந்தக் கடிதத்தை எழுத நாங்கள் உதவுகிறோம்.