வாரன்டி முடிந்த பிறகு கார் வைக்கும் செலவு

இன்றைய கார்கள் முன்புபோல் உழைப்பதில்லை என்று ஒர்க்‌ஷாப்புக்கு வருவோர் பலரும் குறைபட்டுக்கொள்கிறார்கள். அது பாதிதான் உண்மை. துத்தநாகப் பூச்சுள்ள தகடுகள் வந்த பிறகு பாடி துருப்பிடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது; ஒழுங்காகப் பராமரித்தால் என்ஜின் 2 லட்சம் கிலோமீட்டரைக் கடப்பதும் வியப்புக்குரியதன்று. காரைக் காயலான் கடைக்கு அனுப்புவது பெரும்பாலும் என்ஜின் தேய்மானம் அன்று. அதைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு பாகத்துக்கான செலவு, காரை விற்றால் கிடைக்கும் தொகையை நெருங்கிவிடுவதுதான்.

முன்பெல்லாம் ஹெட்லைட் எரியாவிட்டால் பல்பை மாற்றினோம். இப்போது பல மாடல்களில் எல்.இ.டி. விளக்கு பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டு வருவதால், உள்ளே ஒரு சிறு சர்க்யூட் பழுதானாலும் முழு விளக்கையும் வாங்க வேண்டியிருக்கிறது. முன் கண்ணாடியில் கேமரா இருந்தால், கண்ணாடியை மாற்றிய பின் கேமராவின் பார்வையைத் துல்லியமாகச் சரிசெய்யும் (கேலிபரேஷன்) கூலியும் சேரும்.

இவையாவது கண்ணுக்குத் தெரியும் செலவுகள். காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போ பொருத்திய சில சிறிய என்ஜின்களில் உராய்வைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக டைமிங் பெல்ட்டை (வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் பெல்ட்) ஆயிலுக்குள்ளேயே ஓடவிட்டிருக்கிறார்கள். தரம் பொருந்தாத ஆயிலை ஊற்றினாலோ, மாற்றும் கெடு தள்ளிப்போனாலோ, குறுந்தூரப் பயணங்களிலேயே ஓடி ஆயிலில் பெட்ரோல் கலந்தாலோ, பெல்ட்டின் ரப்பர் உப்பி, ஓரங்கள் பிசிறு பிசிறாகப் பிரியத் தொடங்கும். அப்படிப்பட்ட என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பைக் கழற்றினால், ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலையில் கறுப்புத் துணுக்குகள் அப்பியிருப்பதைக் காணலாம். வலை அடைபட்டதும் ஆயில் அழுத்தம் குறைந்து, முதலில் டர்போவின் பேரிங்கும் பிறகு என்ஜினின் மற்ற பேரிங்குகளும் தேயும். ஒரு ஆயில் மாற்றத்தில் மிச்சம்பிடித்த பணம் எந்த மூலைக்கு?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்று சில கையேடுகள் சொல்கின்றன. யாருடைய ஆயுள் என்பதைத்தான் சொல்வதில்லை. கியர்பாக்ஸ் தயாரிப்பதில் பெயர்பெற்ற ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமோ, தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் ஓட்டும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றப் பரிந்துரைக்கிறது. ஆயிலை மாற்றுவதற்கும் கியர்பாக்ஸையே மாற்றுவதற்கும் உள்ள செலவு வேறுபாட்டை எந்த மெக்கானிக்கிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆகவே கார் வாங்குமுன் மைலேஜ் கேட்பதோடு நில்லாமல், ஹெட்லைட், டர்போ, கியர்பாக்ஸ், ஏ.சி. கம்ப்ரசர் ஆகியவற்றின் உதிரிபாக விலையையும், டைமிங் பெல்ட்டா செயினா என்பதையும் விசாரியுங்கள். வாரன்டி முடிவதற்கு ஓரிரு மாதம் முன்பே காரை முழுமையாகச் சோதித்து, குறைகளை எழுத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய காராக இருந்தால் ஆயில் மாற்றிய பில்கள் கட்டாயம் வேண்டும். பில் இல்லையென்றால் ஆயில் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.