பெனிஃபிசியேஷன்: சொல் விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டு மதிப்புமிகு உலோகங்கள் சட்டம், தான் ஒழுங்குபடுத்த வந்த செயல்களைத் தன் முகப்பிலேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறது: உலோகத்தைப் பெறுதல், வைத்திருத்தல், உருக்குதல், தூய்மையாக்குதல், ‘பெனிஃபிசியேஷன்’ (வெட்டியெடுத்த கனிமத்தைக் கூடுதல் மதிப்புள்ள பொருளாக்குதல்) செய்தல், பயன்படுத்துதல், கைமாற்றுதல். இந்த வரிசையில் தூய்மையாக்கலும் பெனிஃபிசியேஷனும் தனித்தனிச் செயல்கள். அவற்றுக்கான உரிமங்களும் தனித்தனியானவை. அதே நாட்டின் 2002ஆம் ஆண்டு கனிம, பெட்ரோலிய வளங்கள் மேம்பாட்டுச் சட்டத்தைத் திறந்தால் நிலைமை வேறு. 2008இல் இயற்றப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தாதுவை நொறுக்குவது, அரைப்பது, கழுவுவது, உருக்குவது, தூய்மையாக்குவது எல்லாமே பெனிஃபிசியேஷனின் முதல் நிலைக்குள் அடங்கிவிடுகின்றன. அப்படியானால் பிளாட்டினத்தைத் தூய்மையாக்கும் ஆலை பெனிஃபிசியேஷன் செய்கிறதா, இல்லையா? ஒரு சட்டம் இரண்டையும் பிரித்து வைக்கிறது. மற்றொன்று ஒன்றை இன்னொன்றுக்குள் வைக்கிறது. இச்சொல்லைத் தமிழில் எழுத வருபவர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிக்கல் இதுவே.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘பெனெ’ என்றால் நன்றாக, ‘ஃபாகெரே’ என்றால் செய்தல். இவ்விரண்டும் சேர்ந்து உருவான ‘பெனெஃபிகியும்’ என்ற சொல்லுக்கு உதவி, நற்செயல் என்பன பொருள்கள். ஆனால் சுரங்கத் தொழிலுக்கு இச்சொல் இலத்தீனிலிருந்து நேராக வரவில்லை. ஸ்பானிய மொழி வழியாகவே வந்தது. ஸ்பானியத்தில் ‘பெனெஃபிசியார்’ என்ற வினை, நிலத்தையோ சுரங்கத்தையோ வேலை செய்து பலன் எடுப்பதைக் குறித்தது. அமெரிக்கக் கண்டத்தின் வெள்ளிச் சுரங்கங்களில் அது இன்னும் குறுகி, தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கும் வேலைக்கே பெயராயிற்று. 1550களில் மெக்சிகோவின் பச்சூக்காவில் பார்த்தலோமே தெ மெதினா என்பவர் பாதரசத்தைக் கொண்டு வெள்ளியைப் பிரிக்கும் முறையை நிலைநாட்டினார். அரைத்த தாதுவைத் திறந்த முற்றத்தில் பரப்பி, உப்பும் பாதரசமும் கலந்து வாரக்கணக்கில் மிதித்து எடுக்கும் அந்த முறைக்கு ‘முற்றத்து பெனெஃபிசியோ’ என்றே பெயர். இன்றைய பொலிவியாவின் வெள்ளிச் சுரங்க நகரான பொத்தோசியில் பாதிரியாராக இருந்த ஆல்வரோ அலோன்சோ பார்பா 1640இல் வெளியிட்ட உலோகவியல் நூலின் நீண்ட தலைப்பிலும் இச்சொல் இதே பொருளில் இடம்பெறுகிறது. ஸ்பானியச் சுரங்கக்காரரோடு பழகிய ஆங்கிலேயரும் அமெரிக்கரும் 19ஆம் நூற்றாண்டில் இதைத் தம் மொழிக்குள் எடுத்துக்கொண்டனர்.

எனவே சுரங்கக்காரர் வாயில் இச்சொல்லுக்கு ‘நன்மை செய்தல்’ என்ற பொருள் ஒருபோதும் இருந்ததில்லை. மண்ணும் கல்லுமாகக் கிடப்பதை விலைபோகும் பொருளாக்குவது என்பதே அவர்கள் கொண்ட பொருள். பிற்காலத்துப் பொறியாளர்கள் அதையும் சுருக்கினார்கள்: தாதுவின் வேதியியல் இயல்பை மாற்றாமல், வேண்டாத கல்லை நீக்கி, உலோகம் மிகுந்த பகுதியைத் திரட்டுவது மட்டுமே அவர்களுக்குப் பெனிஃபிசியேஷன். உருக்குவதும் தூய்மையாக்குவதும் அவர்கள் கணக்கில் அதற்கு அடுத்த கட்டங்கள். தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டுச் சட்டமோ எதிர்த் திசையில் சென்று, சுரங்கவாய் முதல் நகைப்பெட்டி வரையிலான வழி முழுவதையும் இந்த ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்தது.

பிளாட்டினம் என்ற பெயரும் ஸ்பானியர் வழியாகவே வந்தது. வெள்ளிக்கு அவர்கள் மொழியில் ‘பிளாட்டா’ என்று பெயர். ‘பிளாட்டினா’ என்றால் சிறு வெள்ளி. இன்றைய கொலம்பியாவின் சோக்கோ பகுதியில் ஆற்றுமணலில் தங்கத்தோடு கலந்து கிடைத்த இந்த வெண்ணிறத் துகளை அவர்கள் தொல்லையாகவே கருதினார்கள். எடை மிகுந்த உலோகமாகையால் தங்கத்தில் கலப்படம் செய்ய உதவும் என்று அஞ்சிய அரசு, பிரித்தெடுத்த பிளாட்டினத்தைச் சாட்சிகள் முன்னிலையில் ஆற்றில் கொட்டச் செய்தது. தங்கத்தைக் காக்கப் பிறந்த சட்டம் பிளாட்டினத்தை ஆண்ட முதல் நிகழ்ச்சிகளில் இது ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவிலும் தங்கத் திருட்டைத் தடுக்க வளர்ந்த சட்ட மரபே பின்னாளில் பிளாட்டினத்தின் மீதும் படர்ந்தது.

சொல் எங்கே பிளவுபடுகிறது என்பதைப் பார்க்க, உலோகம் செல்லும் வழியைத் தெரிந்துகொள்வது அவசியம். உலகில் வெட்டியெடுக்கப்படும் பிளாட்டினத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பாறைத் தொகுதியிலிருந்து வருகிறது. 1924இல் நிலவியலாளர் ஹான்ஸ் மெரன்ஸ்கி கண்டறிந்த, அவர் பெயராலேயே வழங்கும் தாதுப் படுகையும் அதிலேயே இருக்கிறது. ஒரு டன் தாதுவில் பிளாட்டினக் குழும உலோகங்கள் பெரும்பாலும் 3 முதல் 6 கிராம் வரையே இருக்கும். தாதுவை அரைத்து, உலோகத் துகளை நுரையில் ஒட்டி மிதக்கவிடும் நுரை மிதப்பு முறையில் அடர்ப்பிப்பது, அதாவது உலோகம் மிகுந்த பகுதியைத் திரட்டுவது, முதல் வேலை. அடர்ப்பித்த தாதுவை மின் உலையில் உருக்கினால் கசடு மேலே நிற்க, நிக்கலும் செம்பும் கந்தகமும் சேர்ந்த ‘மேட்’ என்ற கலவை கீழே தங்கும். பிளாட்டினம் அதற்குள் இருக்கும். மேட்டிலிருந்து இரும்பையும் கந்தகத்தில் பெரும்பகுதியையும் காற்றூதி நீக்கிய பின், நிக்கலும் செம்பும் தனி ஆலையில் பிரிக்கப்படுகின்றன. எஞ்சும் செறிந்த வண்டலே மதிப்புமிகு உலோகத் தூய்மையாக்க ஆலைக்குள் நுழைகிறது.

அங்கு நடப்பது நெருப்பு வேலையன்று, கரைசல் வேலை. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் குளோரின் வாயுவும் கொண்டு வண்டலைக் கரைத்து, பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், ருத்தேனியம், இரிடியம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். ஆஸ்மியமும் இதே குழுமத்தைச் சேர்ந்தது. பிளாட்டினம் அம்மோனியம் உப்பாக வீழ்படிந்து, சுடப்பட்டு, பஞ்சு போன்ற சாம்பல் நிறப் பொருளாக 99.95% தூய்மையுடன் வெளிவருகிறது. அரைத்த தாது இந்த வடிவத்தை அடைய மாதக்கணக்கில் ஆகும். அத்தனை காலமும் பெரும் மதிப்புள்ள உலோகம் குழாய்களிலும் தொட்டிகளிலும் தேங்கி நிற்கும். டன்னுக்கு 4 கிராம் என்று கொண்டால், செறிவு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மடங்கு உயர்ந்திருக்கிறது.

பிளாட்டினத் தொழில்துறையினரின் வாதம் இந்தக் கணக்கிலிருந்தே எழுகிறது. இவ்வளவும் நாட்டுக்குள்ளேயே செய்து முடித்த பிறகு, ‘பெனிஃபிசியேஷன் செய்யவில்லை’ என்று எங்களை எப்படிச் சொல்லலாம் என்பது அவர்கள் கேள்வி. அரசின் கேள்வி வேறு: தூய பிளாட்டினம் விமானமேறிச் சென்று வேறு நாட்டில் வாகனப் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியாகவும் மோதிரமாகவும் ஆகும்போது, அந்த வேலையும் கூலியும் இங்கே ஏன் இல்லை? 2011இல் வெளிவந்த அரசின் பெனிஃபிசியேஷன் உத்தி, கனிமம் முதல் முடிந்த பொருள் வரையிலான ஐந்து மதிப்புத் தொடர்களைத் தேர்ந்தெடுத்தபோது, வாகன வினையூக்கி மாற்றிகளும் டீசல் புகைத்துகள் வடிகட்டிகளும் ஒன்றாகவும், நகைத் தயாரிப்பு மற்றொன்றாகவும் அவற்றுள் இடம்பெற்றன. தூய்மையாக்கல் ஏற்கெனவே கைவந்த கட்டம் என்றும், அதற்கு மேலே உள்ளவைதாம் இலக்கு என்றும் அந்த ஆவணம் கருதியது.

வரையறையில் பணமும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் சுரங்கத் துறைச் சாசனம், இனஒதுக்கலால் வாய்ப்பிழந்தோருக்கு 26% பங்குடைமை வேண்டும் என்ற கடப்பாட்டில், நிறுவனம் செய்யும் பெனிஃபிசியேஷனின் மதிப்புக்கு ஏற்ப 11% வரை ஈடுசெய்துகொள்ளலாம் என்று இடமளித்தது. எது பெனிஃபிசியேஷன் என்பது அத்துடன் அகராதி ஆசிரியரின் கவலையாக மட்டும் நிற்காமல், நிறுவனத்தின் பங்குக் கணக்கைத் தொடும் வினாவாகிவிட்டது. 2002ஆம் ஆண்டுக் கனிமவளச் சட்டத்தின் 26ஆம் பிரிவு வேறொரு கடமையையும் சுமத்துகிறது: நாட்டில் எடுத்த கனிமத்தை வெளிநாட்டில் பெனிஃபிசியேஷன் செய்ய விரும்புபவர் அமைச்சருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவரோடு கலந்தே அதைச் செய்யலாம்.

தூய்மையாக்கும் ஆலைகளின் அன்றாடத்தை இன்னும் நெருக்கமாகத் தொடுவது 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மதிப்புமிகு உலோகங்கள் சட்டமே. அதன் மையச் சொல் பெனிஃபிசியேஷன் அல்ல; வணிகப் பொருளாக உருப்பெறாத உலோகத்தைக் குறிக்கும் தொடர். தமிழில் ‘வேலைப்படாத உலோகம்’ என்று இதைச் சொல்லலாம். கட்டியும் துகளும் மட்டுமின்றி, வண்டல், கசடு, ஆலைத் தரையைக் கூட்டியெடுத்த தூசி போன்றவையும் இவ்வகைக்குள் வரும். உரிமமோ அனுமதியோ இன்றி இவற்றை வாங்குவதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தூய்மையாக்கும் ஆலையில் உலோகம் பெரும்பாலான நேரம் இந்த நிலையிலேயே இருப்பதால், ஒவ்வொரு தொட்டியின் கணக்கும் சட்டக் கணக்காகிறது. தென்னாப்பிரிக்க வைர, மதிப்புமிகு உலோக ஒழுங்குமுறை அமைப்பு உரிமங்களை வழங்குகிறது. ஏற்றுமதிக்கும் அதன் ஒப்புதல் தேவை. இவ்வுலோகங்கள் உள்நாட்டினருக்கு நியாயமாகக் கிடைப்பதையும் உள்நாட்டில் மதிப்பு ஏறுவதையும் வளர்ப்பது அதன் நோக்கங்களில் எழுதப்பட்டிருக்கிறது. திருட்டைத் தடுக்கும் காவல் வேலையும் தொழிலை வளர்க்கும் வேலையும் ஒரே அமைப்பின் கையில் இருப்பது எளிதான ஏற்பாடன்று. கடுமையான கணக்கைப் பெரிய ஆலைகள் தாங்கிக்கொள்ளும்; சிறிய மறுசுழற்சியாளருக்கும் நகைத் தொழிலாளிக்கும் அதே கணக்கு பெருஞ்சுமை.

என் கருத்தில், சட்டம் தூய்மையாக்கலை நாட்டுக்குள் நிறுத்திவைக்க முடியும், அதற்கு மேலுள்ள தொழிலை இழுத்துவர அதனால் மட்டும் முடியாது. காரணம் எடையில் இருக்கிறது. அடர்ப்பித்த தாது கனமானது, டன்னுக்கு மதிப்புக் குறைந்தது. அதை உருக்குவது சுரங்கத்தின் அருகிலேயே நடப்பது இயல்பு. தூய பிளாட்டினமோ சிறு பெட்டியில் அடங்கிப் பெரும் மதிப்பைச் சுமப்பது. அதை வாங்கும் தொழிற்சாலை சுரங்கத்தின் பக்கத்தில் இருப்பதால் போக்குவரத்தில் மிச்சமாவது மிகச் சிறிது. தென்னாப்பிரிக்காவில் வினையூக்கி மாற்றித் தொழில் உண்மையில் வளர்ந்ததற்கு 1995இல் தொடங்கிய மோட்டார் தொழில் வளர்ச்சித் திட்டத்தின் ஏற்றுமதிச் சலுகைகளே முதன்மைக் காரணம். பிளாட்டினச் சுரங்கங்களிலிருந்து வெகு தொலைவில், வாகனத் தொழில் குவிந்த துறைமுக நகரமான அன்றைய போர்ட் எலிசபெத்தை ஒட்டியே அது வேரூன்றியது.

அண்டை நாடான ஜிம்பாப்வே இதே சொல்லை வரிச் சட்டத்தில் வைத்தது. அங்குள்ள பெரும் சுரங்க நிறுவனமான ஜிம்பிளாட்ஸ் செலூஸ் என்ற இடத்தில் தாதுவை மேட் வரை உருக்கி, மேற்கொண்டு தூய்மையாக்கத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிவந்தது. பெனிஃபிசியேஷன் செய்யப்படாத பிளாட்டின ஏற்றுமதிக்கு 15% வரி 2015 முதல் விதிக்கப்படும் என்று அரசு அறிவித்தது. தூய்மையாக்கும் ஆலையை நாட்டிலேயே அமைக்க வைப்பதே நோக்கம். அத்தகைய ஆலைக்கு வேண்டிய மூலதனமும் தடையற்ற மின்சாரமும் போதிய அளவு தாதுவும் சட்டத்தால் தோன்றிவிடுவதில்லை. வரி பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. உருக்கிய மேட் ‘பெனிஃபிசியேஷன் செய்யப்பட்டதா, செய்யப்படாததா’ என்ற வினாவுக்குப் பொறியாளரும் வரி அதிகாரியும் வேறுவேறு விடை சொல்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

தமிழுக்கு வருவோம். ‘நன்மையாக்கல்’ என்பது வேரை மட்டும் பார்த்துச் செய்த மொழிபெயர்ப்பு. சுரங்கக்காரர் கருதாத பொருளை அது ஏற்றுகிறது. ‘பயனாக்கல்’ ஸ்பானியச் சொல்லுக்கு நெருங்கியதே. ஆனால் சட்டத்தின் முகப்பில் பக்கத்திலேயே ‘பயன்படுத்துதல்’ நிற்பதால் குழப்பம் விளையும். ‘பதப்படுத்தல்’ தோலுக்கும் உணவுக்கும் உரியதாகிவிட்டது. பொறியாளர் பொருளுக்குப் பாடநூல்கள் வழங்கும் ‘அடர்ப்பித்தல்’ மிகப் பொருத்தம். ‘செறிவூட்டல்’ என்பதை யுரேனியத்துக்கு விட்டுவிடலாம். சட்டப் பொருளுக்கு அடர்ப்பித்தல் பொருந்தாது. மோதிரம் செய்வதை எவரும் அப்படிச் சொல்லமாட்டார். ‘மதிப்புக்கூட்டல்’ பலரும் அறிந்த சொல்தான் என்றாலும், சட்ட உரையில் மதிப்புக்கூட்டு வரியின் நினைவு குறுக்கிடும். ஆகவே ‘மதிப்பேற்றம்’ என்பதை நான் பரிந்துரைக்கிறேன்: தாதுவிலிருந்து நகை வரை ஒவ்வொரு படிக்கும் அது பொருந்தும், ‘முதல்நிலை மதிப்பேற்றம்’, ‘இறுதிநிலை மதிப்பேற்றம்’ என்று சட்டத்தின் நிலைகளையும் அதைக்கொண்டு பிரித்துச் சொல்லலாம்.

‘மேம்பாடு’, ‘மேம்படுத்தல்’ ஆகியவற்றை இங்கே தவிர்ப்பது நல்லது. கனிமவளச் சட்டத்தின் பெயரிலேயே அச்சொல் வேறு பொருளில் இருக்கிறது. தூய்மையாக்கலுக்குப் ‘புடமிடல்’ என்ற அழகிய சொல் உண்டு, ஆயினும் அது தீயில் இட்டு மாசு நீக்குவதைச் சொல்வதால் அமிலக் கரைசலில் நடக்கும் பிளாட்டின வேலைக்குப் பொருந்தாது. ‘சுத்திகரிப்பு’ பிழையன்று, ஆனால் எண்ணெய்க்கும் நீருக்கும் அது பழகிப்போயிற்று. எனவே 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரு உரிமங்களையும் ‘தூய்மையாக்கல் உரிமம்’, ‘மதிப்பேற்ற உரிமம்’ என்று எழுதலாம். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பேசும்போது மட்டும், தூய்மையாக்கலும் மதிப்பேற்றத்தில் அடங்கும் என்பதை அந்த இடத்திலேயே ஒரு தொடரால் தெளிவுபடுத்திவிட வேண்டும்.