பதில் வராத சர்வர் இறந்துவிட்டதா?

ஒரு சர்வர் பழுதானால் இன்னொன்று அதன் வேலையை ஏற்க வேண்டும் என்பதற்காகவே பல சர்வர்களைக் கிளஸ்டராக இணைக்கிறோம். 99 விழுக்காடு நேரம் இயங்கும் இரண்டு சர்வர்களில் ஏதேனும் ஒன்று இருந்தாலே போதும் என்றால், கணக்குப்படி 99.99 விழுக்காடு நேரம் சேவை கிடைக்கும். ஆனால் இரண்டும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இணைந்து, ஒரே பிழையுள்ள மென்பொருளை ஓட்டிக்கொண்டிருந்தால் அவை சேர்ந்தே விழும். அப்போது அந்தக் கணக்கு செல்லாது. எண்ணிக்கை மட்டும் போதாது; சர்வர் தரவை வைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே வழி மாறும். எனவே எத்தனை சர்வர்கள் என்று கேட்பதற்கு முன், தரவு எங்கே இருக்கிறது என்று கேட்பதே முறை.

கோரிக்கையை வாங்கி, கணக்கிட்டு, விடையைத் திருப்பி அனுப்பிவிட்டு எதையும் நினைவில் வைக்காத சர்வர்களுக்குச் சிக்கலே இல்லை. முன்னால், கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்கும் ஒரு லோடு பேலன்சரை வைத்து, அதற்கும் ஒரு மாற்றை வைத்தால் போதும். பயனரின் உள்நுழைவு விவரம் தனியொரு சர்வரின் நினைவகத்தில் தங்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரவுத்தளம் வேறு வகை. முதன்மைச் சர்வர் எழுத, காத்திருப்புச் சர்வர் நகலெடுக்கும் ஏற்பாடே பரவலானது. முதன்மையிடமிருந்து குறித்த இடைவெளியில் வரும் ‘ஹார்ட்பீட்’ செய்தி நின்றுவிட்டால் காத்திருப்புச் சர்வர் பொறுப்பேற்கும். இங்குதான் ஆபத்து தொடங்குகிறது: முதன்மை இறந்துபோனாலும், நடுவிலுள்ள கேபிள் அறுந்தாலும், முதன்மை சில நொடிகள் திணறி நின்றாலும், மறுமுனைக்குத் தெரிவது ஒரே மௌனம்தான். உயிரோடிருக்கும் முதன்மையை இறந்ததாகக் கருதி மற்றது பொறுப்பேற்றால் இரண்டுமே எழுதத் தொடங்கும். 5001 என்ற ஒரே ஆர்டர் எண் இங்கே ஒருவருக்கும் அங்கே இன்னொருவருக்கும் பதிவாகும். பின்னர் இணைப்பு திரும்பினாலும், எது சரி என்பதை எந்த மென்பொருளாலும் தானாகத் தீர்மானிக்க முடியாது.

2018 அக்டோபரில், மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இது நடந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரைத் தரவு மையத்துடனான இணைப்பு 43 நொடிகள் அறுந்தது; அதற்குள் எழுதும் பொறுப்பு மேற்குக் கரைக்கு மாற்றப்பட்டது. மேற்குக்கு நகலாகாத சில பதிவுகள் கிழக்கில் தங்கிவிட, புதிய பதிவுகள் மேற்கில் குவிந்தன. வேகத்தைவிடத் தரவின் முழுமையே முக்கியம் என்று அவர்கள் முடிவெடுத்ததால், சேவை முழுமையாகச் சீராக 24 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த முடிவு சரியானதே என்பது என் கருத்து.

இரண்டு சர்வர்கள் எழுதத் தொடங்குவதைத் தடுக்கும் வழி பெரும்பான்மை. மூன்று சர்வர்களில் இரண்டு ஒப்புக்கொண்டால்தான் பதிவு செல்லும் என்றால், தனித்துவிடப்பட்ட ஒன்றால் எதையும் உறுதிசெய்ய முடியாது. மூன்று சர்வர்கள் ஒன்றின் இழப்பைத் தாங்கும்; ஐந்து, இரண்டைத் தாங்கும்; நான்கோ மூன்றைப் போலவே ஒன்றை மட்டுமே தாங்கும் என்பதால் ஒற்றைப்படை எண்ணே சிக்கனம். கணினி ஆய்வாளர்களான ஆங்காரோவும் ஆஸ்டர்ஹவுட்டும் 2014-இல் வெளியிட்ட ‘ராஃப்ட்’ நெறிமுறையில், பெரும்பான்மை வாக்கால் ஒரு சர்வர் தலைமையாகத் தேர்ந்தெடுக்கப்படும்; ஒவ்வொரு தலைமைக் காலத்துக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் உண்டு. தன்னுடையதைவிடப் பெரிய எண்ணைக் கண்ட பழைய தலைமை உடனே விலகிவிடும்.

இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு பதிவும் பெரும்பான்மையின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரே ஊருக்குள் அது ஓரிரு மில்லிநொடி, கண்டம் கடந்தால் நூறையும் தாண்டக்கூடும். ஆகவே பணம், இருப்பு, ஆர்டர் போன்றவற்றுக்குப் பெரும்பான்மை முறையையும், சற்றுப் பழையதாக இருந்தாலும் கெடுதியில்லாத தரவுக்குத் தளர்வான நகலெடுப்பையும் நான் பரிந்துரைப்பேன். இரண்டே சர்வர்கள்தான் முடியும் என்றால், வாக்களிக்க மட்டும் மூன்றாவதாக ஒரு சிறு சாட்சி சர்வர் வேண்டும். அல்லது, பொறுப்பேற்கும் முன் பழையதன் மின்சாரத்தையே துண்டிக்கும் ‘ஃபென்சிங்’ கட்டாயம்.

எதைத் தேர்ந்தாலும், சர்வரை முறையாக நிறுத்திப் பார்ப்பது சோதனையாகாது. முதன்மையின் தரவுத்தளச் செயல்முறையை அப்படியே உறையவைத்து, புதிய தலைமை வந்த பிறகு மீண்டும் ஓடவிட்டு, விழித்தெழுந்த பழையது அடுத்த நொடியில் ஒரு பதிவையாவது எழுதுகிறதா என்று பார்க்க வேண்டும்.