பாக்கெட் வேண்டுமென்றால் துணி கொடுக்கும்போதே சொல்லுங்கள்

சுடிதார் தைக்கக் கொடுத்தவர்கள் பாதிப்பேர், வாங்க வரும் அன்றைக்குத்தான் "அண்ணா, இதுல ஒரு பாக்கெட் வெச்சுத் தர முடியுமா?" என்று கேட்கிறார்கள். அதற்குள் துணியை வெட்டித் தைத்தாகிவிட்டது, மீதித் துண்டு எதற்கும் காணாது. ஆண்கள் பேண்ட்டுக்கு யாரும் கேட்பதில்லை, நாங்களே வைக்கிறோம். பெண்கள் கேட்டால்தான் வைப்போம். எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம் இது, நியாயமெல்லாம் ஒன்றும் கிடையாது.

ரெடிமேடும் அப்படித்தான். 2018-இல் 'தி புடிங்' என்ற அமெரிக்க இணைய இதழ் 20 பிராண்டு ஜீன்ஸ்களை அளந்து பார்த்தபோது, பெண்கள் ஜீன்ஸின் முன்பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் நீளம் குறைவாக இருந்தது.

சரி, எங்கே வைப்பது? காட்டன் டாப் என்றால் சைடு தையலிலேயே, இடுப்புக்குச் சற்றுக் கீழே ஆரம்பித்து ஸ்லிட்டுக்கு ஒரு இஞ்ச் மேலே வாய் முடியவேண்டும். ரேயான், ஜார்ஜெட் மாதிரி வழவழ துணிக்கு டாப்பில் வேண்டாம், போனின் கனம் ஒரு பக்கமாக இழுத்துக் கழுத்தே கோணிவிடும். பேண்ட்டில் வைத்து, உள்பையின் மேல் ஓரத்தை இடுப்புப் பட்டியோடு சேர்த்துத் தைத்துவிட்டால் கனத்தை இடுப்பு தாங்கிக்கொள்ளும், ஸ்லிட் வழியாகக் கையும் எட்டும்.

ஆண்களின் குறை வேறு. சைடு பாக்கெட் யானைக் காது மாதிரி விரிந்து நிற்கிறது, மூடித் தைத்துக் கொடுங்கள் என்பார்கள். பாக்கெட்டில் ஒரு கோளாறும் இருக்காது, சீட் (உட்காரும் பகுதி) இறுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். பழைய பேண்ட்டை அளவுக்குக் கொடுத்திருப்பார்கள், உடம்பு அதைத் தாண்டிப் போயிருக்கும் (இதைச் சொன்னால் கோபம் வேறு வரும்). பின்தையலில் துணி விட்டிருந்தால் பிரித்துக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும், வாய் தானாகப் படிந்துவிடும். அப்புறம், தடித்த பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டே நாள் முழுக்க உட்காராதீர்கள், துணி நைவது ஒரு பக்கம், இடுப்பும் காலும் வலிக்க அதுவும் ஒரு காரணமாகலாம்.

பெண் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கக் கொடுக்கும் அம்மாக்கள் மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். பாடம் நடக்கும்போது ஒரு நாப்கினை எடுத்துக்கொண்டு போக அந்தப் பிள்ளை புத்தகப் பையையே தூக்கவேண்டியிருக்கிறது. கால் மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். உள்பைக்குச் சாதா பாப்ளின் போதும், வெளியே தெரிகிற வாய் ஓரத்துக்குத்தான் அதே துணி வேண்டும்.