கம்பைலர்: தொகுப்பதா, பெயர்ப்பதா?

“நேத்து வரைக்கும் ஓடுனது, இன்னைக்குக் கம்பைல் ஆவமாட்டேங்கு.” பாளையங்கோட்டைக் கல்லூரி ஆய்வகமானாலும் கங்கைகொண்டான் தகவல்தொழில்நுட்பப் பூங்காவானாலும், உபுண்டு இயங்குதளத்தை 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாற்றிய மறுநாள் நெல்லைச் சீமையில் இப்படித்தான் சொல்வார்கள். குறை என்ன என்பது இதிலிருந்து தெரியாது. எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவாக்குவதைக் குறிக்கும் ‘கம்பைல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நாலைந்து தனித்தனி வேலைகள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் எது முறிந்தது என்று சொல்லத் தெரிந்தால் பாதிப் பிழை பிடிபட்ட மாதிரி.

கம்பைலர் ஆங்கிலத்துக்கும் இரவல்தான். வேர் லத்தீனின் ‘கொம்பிலாரே’. அதன் பழைய பொருள் சூறையாடுதல். பிறர் எழுதியதை அள்ளித் தன் நூலில் சேர்ப்பவனுக்கும் அந்தப் பெயரே வந்தது. 7-ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இசிடோர் இதற்கு உரலை வைத்து விளக்கம் சொன்னார்: வண்ணப்பொடி செய்பவர் பலவற்றையும் ஒரே உரலில் போட்டு இடிப்பதைப் போல, பிறர் சொல்லைத் தன் சொல்லோடு கலப்பவன். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்தபோது வசை நீங்கிவிட்டது. பல இடங்களிலிருந்து எடுத்து ஒன்றாக்குதல் என்ற பொருள் நிலைத்தது.

கணினித் துறையில் இந்தச் சொல்லைப் பரப்பியவர் கிரேஸ் ஹாப்பர். யூனிவாக் கணினிக்காக அவர் 1952-இல் இயக்கிக்காட்டிய ஏ-0, காந்த நாடாவில் எண்ணிட்டு வைத்திருந்த துணைநிரல்களில் கேட்டதை எடுத்து, வரிசையாகக் கோத்து, ஒரே நிரலாக்கித் தந்தது. சூத்திரத்தை வாசித்து, கணினிக்கு நேரடியாக விளங்கும் பொறிமொழியில் சொல்லும் வேலை அதில் இல்லை. எடுத்துச் சேர்த்ததால் ‘கம்பைலர்’ என்ற பெயர் அதற்கு முழுதும் பொருந்தியது. 1957-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான்தான் கணிதச் சூத்திரத்தைப் பொறிமொழிக்குப் பெயர்த்தது. ‘ஃபார்முலா டிரான்ஸ்லேஷன்’ என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். வேலை மாறிவிட்டது, பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஹாப்பர் கம்பைலர் என்றழைத்த கருவி செய்ததை இன்றைக்கு லிங்கர், அதாவது இணைப்பி, செய்கிறது.

இந்த இரண்டு வேலைகளையும் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே பிரித்து வைத்திருக்கிறது. தொல்காப்பிய மரபியல் வழிநூலை நான்கு வகையாக்கும்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல். தொகுத்தல் ஒன்று, மொழிபெயர்த்தல் வேறொன்று. கூடவே வரும் ‘யாத்தல்’ என்றால் கட்டுதல். யாப்பு என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. மென்பொருளாளர் ‘பில்டு’ என்று சொல்வதற்கு இதைவிட நெருங்கிய வினை கிடைக்காது. ஆனால் ‘யாத்தல் முறிந்தது’ என்று இன்று எழுதினால் யாருக்கும் விளங்காது, ‘கட்டுதல்’ போதும்.

கம்பைலருக்குத் தமிழில் தொகுப்பி, தொகுப்பான், நிரல்பெயர்ப்பி, நிரல்மாற்றி என்று பல சொற்கள் புழங்குகின்றன. தொகுப்பி என்பது பெயரைத் தமிழாக்கியது, நிரல்பெயர்ப்பி என்பது வேலையைத் தமிழாக்கியது. இவற்றில் ஒன்றைத் தள்ள வேண்டியதில்லை, இரண்டுக்கும் இடம் இருக்கிறது. உபுண்டுவில் புழங்கும் தொகுப்பியான ஜிசிசி 1987-இல் வந்தபோது சி மொழிக்கான கம்பைலர் என்ற பொருளில்தான் அந்த எழுத்துகள் இருந்தன. பல மொழிகள் சேர்ந்தபின் 1999-இல் கடைசி எழுத்துக்கு ‘கலெக்‌ஷன்’, அதாவது தொகுப்பு, என்று விரிவை மாற்றினார்கள். முனையத்தில் ‘ஜிசிசி’ என்று தட்டும்போது ஓடுவது ஒரு மேஸ்திரி. அது முதலில் முன்செயலியைக் கொண்டு, பெயர்களை அறிவிக்கும் தலைப்புக் கோப்புகளை (ஹெடர்) விரிக்கும், அடுத்து நிரல்பெயர்ப்பியிடம் கொடுத்துச் சில்லுமொழியாக்கும் (அசெம்பிளி), பிறகு சில்லுமொழிமாற்றியிடம் கொடுத்து ‘.ஓ’ கோப்பாக்கும், கடைசியில் இணைப்பியை அழைக்கும். இந்த முழு வரிசைக்கும் தொகுப்பி என்று சொல்லலாம். மொழியை வாசிக்கும் நடுப்பகுதிக்கு மட்டும் நிரல்பெயர்ப்பி என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம். இணைப்பியை ஒருபோதும் கம்பைலர் என்று அழைக்கக் கூடாது. புதுப்பித்தபின் வரும் குழப்பத்தில் பெரும்பங்கு இந்த ஒரு கலப்பால் வருகிறது.

யார் பேசுகிறார்கள் என்பது பிழைச்செய்தியின் வடிவத்திலேயே தெரியும். கோப்புப் பெயர், வரி எண், எழுத்தின் இடம் மூன்றும் முன்னால் வந்தால் பேசுவது பெரும்பாலும் நிரல்பெயர்ப்பி. ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’, ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ என்று வந்து, கடைசியில் ‘எல்டி ரிட்டர்ன்டு 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ என்று முடிந்தால் பேசுவது இணைப்பி. கட்டி முடிந்து, ஓட்டும்போது ‘வெர்ஷன் … நாட் ஃபவுண்டு’ என்றால் அது, நிரலை நினைவகத்தில் ஏற்றி ஓடவிடும் ஏற்றியின் (லோடர்) குரல். இதைப் பார்ப்பதற்கு முன், கட்டுதலை நடத்தும் ‘மேக்’ கட்டளையை ‘-ஜே1’ சேர்த்து ஓட்டவேண்டும். ‘-ஜே8’ என்று எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். படிக்கவேண்டியது முதல் பிழையை. கடைசி வரி பெரும்பாலும் முதல் பிழையின் வால்தான்.

நிரல்பெயர்ப்பி பதிப்புக்குப் பதிப்பு கண்டிப்பாகிக்கொண்டே வருகிறது. எந்த மாற்றத்தில் எது உடையும் என்று முன்கூட்டியே சொல்லலாம். உபுண்டு 22.04-இல் ஜிசிசி 11, 24.04-இல் ஜிசிசி 13. 13-ஆம் பதிப்பில் சி++ மொழியின் நூலகத்தில், அதாவது ஆயத்த நிரல்துண்டுகளின் சேமிப்பில், தலைப்புக் கோப்புகள் ஒன்றையொன்று உள்ளே இழுப்பது குறைக்கப்பட்டது. அதுவரை வேறொரு தலைப்பின் தயவில் கிடைத்துவந்த ‘யுஇன்ட்32_டி’ போன்ற தரவு வகைகள் திடீரென்று காணாமல் போகும். ‘டஸ் நாட் நேம் எ டைப்’ என்ற செய்தி வரும். அந்தக் கோப்பின் தலையில் ‘சிஎஸ்டிடிஇன்ட்’ தலைப்பைச் சேர்த்தால் தீர்ந்தது. டெபியன் என்ற இன்னொரு இயங்குதளத்தில் 12-இலிருந்து 13-க்குப் போகிறவருக்கு ஜிசிசி 12 போய் 14 வரும். அங்கே அடி சி நிரலுக்கு. அறிவிக்காத செயற்கூறை (ஃபங்ஷன்) அழைத்தல், வகை எழுதாமல் விடுதல், முழுஎண்ணைச் சுட்டியாக்குதல் (நினைவக முகவரியாக்குதல்), பொருந்தாத சுட்டிகளை ஒன்றுக்கொன்று கொடுத்தல் ஆகிய நான்கும் முன்பு வெறும் எச்சரிக்கை, 14-இல் பிழை. தீர்வு, உரிய தலைப்புக் கோப்பைச் சேர்ப்பதும் வகையைச் சரியாக எழுதுவதும். அடுத்தவர் எழுதிய பழைய நிரலை இன்றே கட்டியாக வேண்டுமென்றால் கட்டளையோடு சேர்க்கும் ‘-எஃப்பெர்மிசிவ்’ கொடி (ஆப்ஷன்) இவற்றை மறுபடி எச்சரிக்கையாக்கும். இது அவசரத்துக்கு மட்டும். அறிவிக்காத செயற்கூறு முழுஎண் தரும் என்று பழைய விதி அனுமானிக்கும். உண்மையில் அது சுட்டி தந்தால், 64 பிட் பொறியில் மேல்பாதி வெட்டுப்பட்டு, ஓடும்போது நிரல் விழும்.

ஜிசிசி 15-இல் சி மொழியின் இயல்புநிலை சி23 ஆகிவிட்டது. ‘பூல்’, ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’ மூன்றும் இனி மொழியின் சொந்தச் சொற்கள். அந்தப் பெயரில் நீங்களே வகை செய்திருந்தால் மோதும். வெற்று அடைப்புக்குறியோடு அறிவித்த செயற்கூறுக்கு உள்ளீடே கிடையாது என்று பொருளும் மாறியது; ஆகவே பழைய அழைப்புகளில் ‘டூ மெனி ஆர்கியுமென்ட்ஸ்’ வரும். ‘-எஸ்டிடி=ஜிஎன்யு17’ கொடுத்துப் பழைய விதிக்குப் போகலாம்.

‘-டபிள்யூஎரர்’ கொடியைப் பற்றியும் ஒரு சொல். எச்சரிக்கை எல்லாவற்றையும் பிழையாக்கும் அந்தக் கொடி, நிரலை எழுதுகிறவர் தம் மேசையில் வைத்துக்கொள்ள நல்லது. ஊருக்குக் கொடுக்கும் கட்டுக்கோப்பில் அதை விட்டுவைப்பது தவறு. புதிய பதிப்பு ஒவ்வொன்றும் புதிய எச்சரிக்கைகளோடுதான் வரும். வந்த அன்றே கட்டுதல் நிற்கும்.

இனி இணைப்பி. இதன் குணத்தைச் சொல்லத் தமிழ் இலக்கணத்தில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: நிரல்நிறை. ‘நிரல்’ என்றால் வரிசை. புரோகிராமுக்கு நாம் வைத்த பெயரும் அதுவே. ‘கொடி குவளை கொட்டை நுசுப்பு உண்கண் மேனி’ என்பதில் கொடிக்கு நுசுப்பும் (இடையும்), குவளைக்குக் கண்ணும், கொட்டைக்கு மேனியும் வரிசைப்படி சேரும். வரிசை பிசகினால் பொருள் பிசகும். இணைப்பியும் கட்டளையில் எழுதிய கோப்புகளை இடமிருந்து வலமாகத்தான் பார்த்துப் போகும். ஒரு நூலகத்தை எட்டும்போது, அதுவரை யாராவது கேட்டு நிறைவேறாத பெயர்களுக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். எனவே கேட்பவர் முன்னாலும் கொடுப்பவர் பின்னாலும் நிற்கவேண்டும். ‘-எல்எம்’ என்பது கணித நூலகம்; ‘-எல்எம் மெயின்.ஓ’ என்றால் வர்க்கமூலச் செயற்கூறு கிடைக்காமல் போகலாம், ‘மெயின்.ஓ -எல்எம்’ என்றால் கிடைக்கும்.

இணைப்பில் முறியும் இன்னொரு பெரிய கூட்டம் ஜிசிசி 10-இலிருந்து தொடங்கியது. உபுண்டு 20.04-இல் ஜிசிசி 9 இருந்ததால், 22.04-க்கு வந்தவர்கள் இதைக் கண்டார்கள். தலைப்புக் கோப்பில் ‘இன்ட் எண்ணிக்கை;’ என்பது போல ஒரு பொதுமாறியை எழுதி, அந்தத் தலைப்பை ஐந்து கோப்புகள் சேர்த்துக்கொண்டால், மாறி ஐந்து முறை வரையறுக்கப்படுகிறது. முன்பு ஐந்தையும் பொதுவிடத்தில் போட்டு இணைப்பி ஒன்றாக்கிவிடும். 10-ஆம் பதிப்பில் அந்தச் சலுகை இயல்புநிலையில் நின்றது. ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ வந்தது. தலைப்பில் ‘எக்ஸ்டெர்ன்’ சேர்த்து அறிவித்து, ஏதாவது ஒரே ஒரு ‘.சி’ கோப்பில் வரையறுப்பதுதான் சரி. தற்காலிகமாக ‘-எஃப்காமன்’.

மூன்றாவது வகைக்கும் நம்மிடம் பழைய சொல் உண்டு: பாடபேதம். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டுக்கு ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் தாமிரபரணிக் கரை ஆழ்வார்திருநகரிக்கும் வந்தவர்; அந்தப் பதிப்பு 1889-இல் வெளிவந்தது. ஒரே பாட்டு இரண்டு ஏட்டில் இரண்டு விதமாக இருந்தால், ஏடுகளை ஒப்புநோக்கித்தான் முடிவு செய்யவேண்டும். கட்டுதலிலும் அப்படியே. தலைப்புக் கோப்பு ஒரு பதிப்பு, நூலகம் வேறு பதிப்பு, பழைய ‘.ஓ’ கோப்புகள் மூன்றாவது பதிப்பு என்றால், நிரலில் தவறே இல்லாமல் கட்டுதல் முறியும்.

புதுப்பித்தவுடன் கட்டுதல் அடைவை (கட்டும்போது உருவாகும் கோப்புகள் கிடக்கும் இடம்) முழுதாக அழித்துவிட்டுத் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான். கட்டுதலை அமைத்துத் தரும் சிமேக் கருவி, பழைய தொகுப்பியின் பாதையைத் தன் ‘சிமேக்கேஷ்’ கோப்பில் எழுதி வைத்திருக்கும். ‘மேக் கிளீன்’ அதைத் தொடாது. இணைப்புநேர மேம்பாட்டோடு கட்டிய பழைய ‘.ஓ’ கோப்பாக இருந்தால், ‘எல்டிஓ வெர்ஷன்’ பொருந்தவில்லை என்று இணைப்பியே சொல்லிவிடும். ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ செய்தியில் ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்ற துண்டு தெரிந்தால், ஒரு பக்கம் ஜிசிசி 5-இல் வந்த புதிய சர (ஸ்டிரிங்) வடிவத்திலும் மறுபக்கம் பழைய வடிவத்திலும் கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். நூலகத்தின் மூலநிரல் கையில் இருந்தால் அதையும் புதிதாகக் கட்டவேண்டும்.

ஓட்டும்போது வரும் பாடபேதம் வேறு. 24.04-இல் கட்டியதை 22.04 பொறிக்குக் கொண்டுபோனால் ‘ஜிலிப்சி_2.38 நாட் ஃபவுண்டு’ என்று ஏற்றி மறுக்கும். ஜிலிப்சி என்பது சி நிரல்களுக்கு அடிப்படையான நூலகம்; 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, 24.04-இல் 2.39. பழைய பொறியில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று உறுதி கிடையாது. இங்கே நிரலைத் திருத்திப் பயனில்லை. வாடிக்கையாளரிடம் உள்ள மிகப் பழைய பதிப்பை ஒரு டாக்கர் கலனில் (பொறிக்குள் தனித்து இயங்கும் சூழல்) வைத்து, அதற்குள் கட்டுவதே வழி.

குறை நிரலிலா கருவியிலா என்று ஐயம் வந்தால் ‘ஜிசிசி-11’ பொதியைப் பக்கத்திலேயே நிறுவி, எந்தத் தொகுப்பி என்று சொல்லும் ‘சிசி’ மாறிக்கு அதைக் கொடுத்து, வெற்று அடைவில் மறுபடி கட்டிப் பார்க்கலாம். சி++ என்றால் ‘சிஎக்ஸ்எக்ஸ்’ மாறிக்கு ‘ஜி++-11’. பழையதில் கட்டுப்பட்டுப் புதியதில் முறிந்தால், பெரும்பாலும் நிரலில் வெகுகாலம் ஒளிந்திருந்த குறை வெளியே வந்திருக்கிறது. இரண்டிலும் முறிந்தால் தொகுப்பியை விட்டுவிட்டு நூலகங்களின் பதிப்பைப் பாருங்கள்.

உதவி கேட்டு எழுதும்போது ‘கம்பைல் ஆவமாட்டேங்கு’ என்பதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: “உபுண்டு 22.04-லிருந்து 24.04. ஜிசிசி 11 போய் 13. பெயர்ப்பு முடிஞ்சிட்டு, இணைப்புல முறியுது. கட்டுதல் அடைவை அழிச்சுப் பாத்தாச்சு. முதல் பிழை இது.” அதன்கீழ் அந்த ஒற்றை வரியை வெட்டாமல் ஒட்டவேண்டும்.